பழைய வீட்டு மரமும் வாரிசுகளின் பங்கும்

பழைய வீட்டை இடித்துப் புதுவீடு எழுப்புவோர் இப்போதெல்லாம் பழைய மரத்தை விறகுக்கு அனுப்பிவிடுவதில்லை. வாப்பாவின் கட்டிற்கால் விளக்குத் தண்டாகிறது. உம்மாவின் மரப்பெட்டி வரவேற்பறையின் தாழ்மேசையாகிறது. வாசற்கதவு கண்ணாடிச் சட்டமாகச் சுவரேறுகிறது. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் வணிகம் செய்தவர்கள் கட்டிய நம் கடற்கரை ஊர் வீடுகளில் பர்மாத் தேக்கு மிகுதி. வெயிலிலும் மழையிலும் சாம்பல் பூத்துக் கிடந்தாலும், மேற்புறத்தைச் சீவினால் உள்ளே எண்ணெய்ப்பசை மாறாமலிருக்கும். அதனை வீணாக்காதிருப்பது நற்செயலே. மைமூனா (ரலி) அவர்களிடமிருந்து விடுதலை பெற்ற பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றுதான் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள்.

ஒரு மரத்துண்டின்மீது இத்தனை பற்று தகுமா என்று கேட்போரும் உளர். நபி (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத்தண்டின் அருகில் நின்று குத்பா நிகழ்த்தி வந்தார்கள். பின்னர் மூன்று படிகள் கொண்ட மிம்பர் செய்யப்பட்டு, அவர்கள் அதில் ஏறியபோது, அந்தத் தண்டு நிறைசினை ஒட்டகம்போல் தேம்பியது. அவர்கள் இறங்கி வந்து அதனைத் தழுவி ஆற்றினார்கள். இது நாம் மதரஸாப் பருவத்திலேயே கேட்ட செய்தி. அதன் பின்பகுதி பலருக்கும் தெரிவதில்லை. பள்ளி மாற்றிக் கட்டப்பட்டபோது உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் அத்தண்டைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார்கள் என்றும், இறுதியில் அது கரையான் அரித்து உதிர்ந்தது என்றும் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. ஆகவே பற்றைப் பழிக்க நமக்கு இடமில்லை. நம் கவலை வேறு: அந்த மரம் யாருக்குரியது?

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதனை விளக்க இயலாது. வாப்பாவும் உம்மாவும் வஃபாத்தானபின் சகோதரர்கள் மூவரும் கலந்து பேசி வீட்டை இடிக்க முடிவு செய்தோம். மனையை ஷரீஅத்தின்படி ஏழு பாகமாக்கி, எங்களுக்கு இவ்விரண்டும் லாத்தாவுக்கு ஒன்றுமாகக் கணக்கிட்டோம். ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் இடிப்பவர் தந்த தொகையையும் அவ்வாறே பிரித்தோம். வாசல்நிலையையும் இரட்டைக் கதவையும் மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. "பழைய மரந்தானே, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார் காக்கா. நாங்களும் தலையசைத்தோம். ஆண்டுதோறும் ஃபராயிள் பாடம் நடத்தும் நமக்கே அன்று அது பாகத்துக்குரிய பொருளாகத் தோன்றவில்லை.

காக்கா புதுவீடு குடிபுகுந்த நாளில், நிலைமரம் ஆளுயரக் கண்ணாடியின் சட்டமாக மெழுகுப் பளபளப்புடன் கூடத்தில் நின்றது. வந்தவர்கள் யாவரும் புகழ்ந்தனர். லாத்தா அதன் ஓரத்தை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

நோன்புப் பெருநாள் தோறும் வாப்பா எங்களை அந்த நிலையோடு சாய்த்து நிறுத்தி, தலைமட்டத்தில் பேனாக்கத்தியால் ஒரு கோடு கீறுவது வழக்கம். லாத்தாவின் கோடுகள் பன்னிரண்டாம் வயதுவரை எங்கள் எல்லாருடையதையும்விட மேலே இருந்தன. தச்சர் மேல் குறையில்லை. இழைத்துத் தரச் சொன்னதை அவர் செவ்வனே செய்திருந்தார். கோடுகள் இழைப்புச் சுருளோடு போயின.

பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் மிகுதியாயினும் அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் அறிவிக்கிறது. "குறைவாயினும்" என்பதில் அம்மியும் அடங்கும், கட்டிற்காலும் அடங்கும். மனையைப் பகிர்வதில் பேணுதலாக இருக்கும் குடும்பங்களும் தட்டுமுட்டுச் சாமான்களில் தவறிவிடுகின்றன. பெரும்பாலும் பெண்மக்களிடந்தான் தவறுகின்றன. அவர்கள் கேட்பதில்லை. ஒரு பலகைக்காக உடன்பிறந்தாரிடம் முகம் சுளிப்பதா என்று வெட்கப்பட்டு வாளாவிருப்பார்கள். அந்த மௌனத்தை இசைவென்று கொள்வது பெருந்தவறு. வாரிசுகளுள் பருவமடையாத பிள்ளை இருப்பின் நிலைமை இன்னும் கடினம். அப்பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்கப் பெரியவர் எவருக்கும் உரிமையில்லை.

வழி எளிதே. பழைய மரக்கடையில் ஒருவரை அழைத்து விலை மதிக்கச் செய்து, அந்த மதிப்பை எல்லா வாரிசுகளுக்கும் தெரிவித்து, விரும்பியவர் எடுத்துக்கொண்டு பிறர் பங்கைக் கொடுத்துவிடலாம். தொகையை அறிந்த பின் மனமுவந்து ஒருவர் விட்டுத்தந்தால் அது அவருடைய கொடை. அல்லது மரத்தையே பகிரலாம். ஒரு கதவுப் பலகையிலிருந்து நான்கு ரெஹால் செய்ய இயலும். ஒரே பலகையை இருபுறமிருந்தும் பிளந்து, நடுவில் ஆணியில்லாமல் கீல்போல் பிணைந்து நிற்கச் செய்யும் பழைய வேலைப்பாடு அறிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவரில் தொங்கித் தூசி படியும் அலங்காரத்தைவிட, பேரப்பிள்ளைகள் குர்ஆனை விரித்து ஓதும் பொருளாக அது இருப்பதையே நாம் விரும்புகிறோம். அலங்காரம் ஹராம் என்று சொல்ல வரவில்லை. நம் விருப்பம் இதுவென்கிறோம்.

இழைப்பதற்குமுன் மரத்தில் எது உங்களுக்குரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களின் மரக்கிண்ணம் ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது வெடித்தபோது வெள்ளியால் இணைக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்த இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னிலோ வெள்ளியிலோ பூட்ட அனஸ் (ரலி) விரும்பியபோது, அவர்களின் தாயாரை மணந்திருந்த அபூதல்ஹா (ரலி) தடுத்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். புகாரியில் காணும் இச்செய்தியைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம், கண்ணாடிச் சட்டத்தின் முன் நிற்கும்வரை அதன் பொருள் நமக்கு முழுமையாக விளங்கியிருக்கவில்லை.

கதவின் ஓர் இணை காக்காவின் மாடியில் வேலை செய்யப்படாமல் கிடந்தது. அன்றே மரக்கடைக்காரரை வரவழைத்து மதிப்பிட்டோம். நிலைக்கும் சேர்த்து லாத்தாவின் பங்கைக் கணக்கிட்டபோது, பணம் வேண்டாம், அந்தக் கதவைத் தந்தால் போதும் என்றார். அவருடைய ஏழில் ஒரு பங்கைவிட அதன் மதிப்பு கூடுதல். எஞ்சியதை நாங்கள் மூவரும் மனமுவந்து விட்டுத்தந்தோம். ரெஹால் செய்து தருகிறோம் என்றதற்கும் அவர் இணங்கவில்லை. அதனை இழைக்கவும் விடவில்லை. உரிந்த பச்சை வண்ணத்தோடும் தாழ்ப்பாள் தேய்த்த வடுவோடும் அது இப்போது அவர் வீட்டு உள்ளறையில் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது. கரையான் ஏறாமலிருக்க அடியில் இரண்டு செங்கல் வைத்திருக்கிறார்.