கால்வாய்க் கரையும் நம் வீட்டுப் பெண்களும்

இலண்டனின் வடமேற்கே வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஈலிங் ரோடு பழகிய சாலை. மளிகைக்கும் துணிமணிக்கும் அங்கே செல்கிறோம். அல்பர்ட்டனில் அந்தச் சாலை ஒரு கால்வாயைக் கடக்கிறது. பாலத்தின் மேல் நடப்போரில் பலர் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. 1801ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நீர்வழிக்குக் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை என்று பெயர். ஹேய்ஸிலிருந்து சௌத்தால், நார்தோல்ட், கிரீன்ஃபோர்டு, அல்பர்ட்டன் வழியாகப் பாடிங்டன் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் செல்கிறது. அதன் கரையோரமாக ஒரு பாதையும் கூடவே செல்கிறது.

அந்தப் பாதையை அண்மைக் காலத்தில் நம் சகோதரர்கள் சிலர் கண்டுகொண்டுள்ளனர். வார இறுதியில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ‘கிராவல் பைக்’ எனப்படும் மிதிவண்டியில் கால்வாய்க் கரையிலும் அதற்கப்பால் உள்ள நாட்டுப்புற வழிகளிலும் சுற்றி வருகின்றனர். பந்தய மிதிவண்டியைப் போல வளைந்த கைப்பிடியும், அதைவிட அகன்ற டயரும் கொண்ட வண்டி அது. ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த டயர், சரளைக்கல்லிலும் மண்ணிலும் வழுக்காமல் உருளும். உடலுக்கு நன்மை தரும் இப்பழக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாப்பா கால்வாய்க் கரைக்குப் போகிறார். மகனும் சில நாள் உடன் போகிறான். உம்மாவும் மகளும் ஏன் போவதில்லை?

மகள் மிதிவண்டி ஓட்டத் தெரியாதவள் அல்லள். ஏழெட்டு வயது வரை பூங்காவில் அண்ணனுக்குச் சமமாக ஓட்டியவள்தான். பன்னிரண்டு வயதை எட்டியதும் அவளது வண்டி கொட்டகைக்குள் போய்விடுகிறது. யாரும் தடை விதித்ததாகச் சொல்வதில்லை. அவளுக்கு உயரம் பொருந்தும் அடுத்த வண்டியை யாரும் வாங்குவதில்லை; அவ்வளவே. நம் வீடுகளில் நடக்கும் இந்தச் சொல்லப்படாத நிறுத்தத்தைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். கால்வாய்க் கரை ஆண்களின் ஓய்வுநேர விளையாட்டுக் களமாகச் சுருங்கிவிடக் கூடாது. குடும்பம் முழுவதும் ஒன்றாகச் செல்லத்தக்க மிகச் சில பாதைகளுள் அது ஒன்று என்பதே நம் கருத்து.

அப்பாதையின் வரலாறே இதற்குச் சான்று. இயந்திரம் வராத காலத்தில் நிலக்கரியும் செங்கல்லும் ஏற்றிய படகுகளைக் குதிரைகள் கயிற்றால் இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடப்பதற்காகவே கரையில் பாதை அமைத்தனர். கயிறு உரசி உரசித் தடம் விழுந்த பழைய பாலக் கற்களை இன்றும் பல கால்வாய்களில் காணலாம். தண்ணீர் சமமட்டமாக நிற்பதால் கரையும் சமமட்டமாகவே இருக்கிறது. பாடிங்டன் கிளையில் படகை ஏற்றி இறக்கும் மடைக்கதவுகளே இல்லை. ஆகவே முழுத் தொலைவிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் கிடையாது. மோட்டார் வாகனங்களும் இல்லை. நார்த் சர்க்குலர் சாலைக்கு மேலே கால்வாயைத் தாங்கிச் செல்லும் பாலத்தில் நின்றால், கீழே வாகனங்கள் விரைவதையும் அருகே வாத்துகள் நீந்துவதையும் ஒருசேரப் பார்க்கலாம். முழங்கால் வலியுள்ள தாய்க்கும், சாலையைக் கண்டு அஞ்சும் சிறுமிக்கும் இதைவிடப் பொருத்தமான வழி நகரத்தில் எங்கே உண்டு?

கிராவல் பைக்கின் வரலாறோ வேறு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரைச் சுற்றியுள்ள சரளைச் சாலைகளில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் பந்தயம், இவ்வகை ஓட்டத்தை உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது. நெடுந்தொலைவையும் தனிமையையும் மனத்தில் கொண்டு உருவான வண்டி அது. அதன் இயல்பையே கால்வாய்க் கரைக்கும் கொண்டுவரும்போது, வேகமும் தொலைவும்தான் ஓட்டத்தின் நோக்கம் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. அந்த நோக்கத்தில் மனைவிக்கும் மகளுக்கும் இடமில்லாமல் போவது வியப்பன்று. குதிரை நடந்த பாதையில், இன்றும் படகுகள் மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லக்கூடாத கால்வாயின் ஓரத்தில், விரைவதற்கு என்ன இருக்கிறது? நாட்டுப்புறத்தில் நெடுந்தொலைவு விரைந்து செல்ல விரும்பும் சகோதரர் விடியற்காலையில் செல்லட்டும். வாரத்தில் ஒரு பிற்பகலையாவது குடும்பத்தின் வேகத்துக்கு ஒதுக்கட்டும்.

ஆயிரம் பவுனைத் தாண்டும் வண்டியும் இதற்குத் தேவையில்லை. சற்றே அகன்ற டயர் பூட்டிய எந்தப் பழைய மிதிவண்டியும் போதும். குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டி, ஊரில் லேடீஸ் சைக்கிள் என்போமே, அதுவே பெண்களுக்கு ஏற்றது. ஒரு கிராவல் பைக்கின் விலையில் வீட்டிலுள்ள நால்வருக்கும் பழைய வண்டிகள் வாங்கிவிடலாம்.

பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது நம் மரபுக்குப் புதிது என்று எண்ணுவோர் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பேருந்துக்குக் காத்திராமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்களால் முடிந்தது. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். கேலிக்காக அவர்கள் இறங்கிவிடவில்லை. புதுக்கோட்டையின் செம்மண் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது, அல்பர்ட்டனில் இயலாது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஹயா பற்றிய கவலையை நாம் எளிதாக எண்ணவில்லை. பெரியவர்கள் அதை எழுப்புவது அன்பினால்தான். ஆயினும் மிதிவண்டியும் கண்ணியமான உடையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இலண்டனில் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சைக்கிள் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு முஸ்லிம் பெண்களுக்காகவே குழுப் பயணங்களை நடத்தி வருகிறது. அங்கே ஹிஜாபும் தலைக்கவசமும் ஒருசேர அணிந்த பெண்களைக் காணலாம். உடை குறித்துக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நீண்ட அபாயா சங்கிலியில் சிக்கும். ஆகவே முழுச் செயின் கவர் உள்ள வண்டி வேண்டும், அல்லது முழங்கால் வரை நீண்ட மேலாடையும் தளர்ந்த கால்சட்டையும் அணியலாம். தலைக்கவசத்தின் கீழ் மெல்லிய துணி நல்லது. குண்டூசி குத்தாமல் முடிந்துகொள்வது பாதுகாப்பு.

அடுத்தது ஆபத்து குறித்த அச்சம். அது நியாயமானது. கரைக்கு வேலி கிடையாது. பாலங்களின் கீழே பாதை குறுகும், தலைக்கு மேல் உயரமும் குறையும், எதிரே வருபவர் தெரியமாட்டார். அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை. சிறுவரைத் தண்ணீருக்கு எதிர்ப்புறமாக ஓட்டச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் ஈர இலைகளும், குளிர்காலத்தில் உறைபனியும் வழுக்கும். இருட்டிய பின் விளக்கில்லாப் பகுதிகளில் பிள்ளைகளோடு செல்லலாகாது. கோடையில் இவ்வூரில் லுஹருக்கும் அஸருக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. லுஹரைத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, மேற்கே ஹார்ஸெண்டன் குன்றின் அடிவாரம் வரை சென்று, புல்வெளியில் அமர்ந்து உண்டு, அஸருக்கு வீடு திரும்பச் சிறுவர்க்கும் நேரம் போதும்.

கால்வாயை விட்டு வயல்வெளிப் பாதைகளுக்குச் செல்வோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மஞ்சள் அம்புக்குறி இட்ட பாதை நடப்போருக்கு மட்டுமே உரியது. நீல அம்புக்குறி இட்ட பாதையில் குதிரையில் செல்வோரும் மிதிவண்டியில் செல்வோரும் போகலாம். 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் இதை அனுமதித்தது. ஆனால் நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் உண்டு. கால்வாய்க் கரையிலும் நடப்போருக்கே முதலிடம். 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரித்துவரும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், வேகத்தைக் குறைத்துப் பாதையைப் பகிர்ந்துகொள்ளும்படியே எல்லோரையும் கேட்டுக்கொள்கிறது.

இக்கோரிக்கை நமக்கு அந்நியமானது அன்று. பாதைக்கும் உரிமை உண்டு என்று கற்றவர்கள் நாம். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள். உடைந்த கண்ணாடித் துண்டை ஓரமாக அகற்றும் சிறுவனும், முதியவர் கடக்கும்வரை இறங்கி நிற்கும் சிறுமியும், படகில் வாழ்பவருக்கு முகமலர்ச்சியோடு காலை வணக்கம் கூறும் தாயும் அந்தப் பாடத்தை நடந்து காட்டுகிறார்கள். தெருவில் நம்மைப் பற்றிப் பிறர் எழுப்பும் ஐயங்களுக்கு மேடைப் பேச்சைவிட இது நல்ல மறுமொழி.

கால்வாய்கள் இலண்டனில் மட்டும் இல்லை. லெஸ்டரிலும் மில்டன் கீன்ஸிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு அருகேயும் கிராண்ட் யூனியன் செல்கிறது. நாட்டுப்புறமும் நீர்வெளியும் தமக்கு உரியவை அல்ல என்ற எண்ணத்தோடு நம் பெண்பிள்ளைகள் வளரக்கூடாது. வெள்ளையர்க்கும் ஆண்களுக்கும் உரியது என்று அவர்கள் தாமே விலகிக்கொண்டால், பிறந்த நாட்டிலேயே பாதி நாடு அவர்களுக்கு அடைபட்டுப் போகும். இந்தக் கோடையில் ஒவ்வொரு தந்தையும் ஒன்று செய்யலாம். தமக்குப் புதிய வண்டி வாங்குமுன், கொட்டகையைத் திறந்து மகளின் பழைய வண்டி அவள் உயரத்துக்கு இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தவில்லையெனில் முதலில் அவளுக்கு ஒன்று வாங்கட்டும். அடுத்தது அவளுடைய உம்மாவுக்கு.