துடைப்பதற்கு முன் பாருங்கள்

ஒரு மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டால் அது அடியோடு போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்த பிறகும் சுவரில் ஆணி இருக்கும். பரணில் ஒரு பழைய பெட்டி இருக்கும். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஆணிகளைக் காட்டித்தானே பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள்!

கணினியில் இது ஏன் நேர்கிறது? ஒரு மென்பொருளை நிறுவும்போது, எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே வைத்தோம் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. நீக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ளவை மட்டுமே பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. நாம் பயன்படுத்திய காலத்தில் புதிதாக உருவானவை பட்டியலில் இருக்காது. மறுபடி நிறுவினால் உதவுமே என்று நம்முடைய விருப்பங்களைச் சில மென்பொருள்கள் வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. பிற மென்பொருள்களும் பயன்படுத்தக்கூடிய டி.எல்.எல். கோப்புகளும் தொடாமல் விடப்படுவதுண்டு. இப்படி எஞ்சியவை புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா, கண்ணுக்கு மறைந்திருக்கும் ஆப் டேட்டா ஆகிய ஃபோல்டர்களிலும், ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலும் தங்கிவிடுகின்றன.

இவற்றால் கணினி மெதுவாகிவிடும் என்று பயமுறுத்திப் பணம் வாங்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் எஞ்சும் சில வரிகளால் வேகம் குறைவதாக நாம் உணரப் போவதில்லை. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது. உலகெங்கும் புகழ்பெற்ற சிசிகிளீனர் என்ற சுத்திகரிப்பு மென்பொருளின் 5.33 பதிப்பில், 2017-ஆம் ஆண்டு விஷமிகள் தீய நிரலை நுழைத்துவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் பேரின் கணினிகளில் அது ஏறியது. துடைப்பமே அழுக்கைக் கொண்டுவந்த கதை!

எஞ்சியவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கணினியைத் திறந்ததும் தாமாக ஓடுபவை ஒன்று. நீக்கிய ஆன்டிவைரஸ் விட்டுச் சென்றவை மற்றொன்று. முன்னதை டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம். பின்னதற்கு அந்தந்த ஆன்டிவைரஸ் நிறுவனங்களில் பலவும் தனி நீக்கியை இலவசமாகத் தருகின்றன.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தமிழில் எழுதியவர்களுக்கு அந்த மிச்சத்தில்தான் பொருள் இருக்கிறது.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது என்றாலும், விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான் அது மெல்லப் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் தன் இஷ்டப்படி அமைத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி பரவியது. யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-ல்தான். இடைப்பட்ட காலத்தில் நாம் தட்டியதெல்லாம் அந்தந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழ், இல்லையென்றால் கிறுக்கல்.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் தந்தையார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூருக்கு வந்து, தம் நினைவுகளைப் பழைய தமிழ் மென்பொருள் ஒன்றில் தட்டி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் கணினி பழுதுபார்க்கப் போனது. கடையில் அந்த மென்பொருளை நீக்கி, மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துக் கொடுத்தார்கள். அது கட்டுரைகளைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கும் வழக்கமுடையது. ஃபோல்டரோடு அவையும் போயின. வேறிடத்தில் இருந்த சில அத்தியாயங்கள் தப்பினாலும், திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகவே தெரிந்தன. பழைய அச்சுப்படி ஒன்றைக் கொண்டு எழுத்துருவைக் கண்டுபிடித்து, அவற்றை யூனிகோடுக்கு மாற்றினோம். சுரங்கத்தின் அடியில் அவர் உழைத்த நாட்களைப் பற்றிய பகுதி மட்டும் கிடைக்கவே இல்லை. அதை மறுபடி சொல்ல இப்போது ஆளில்லை.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சுத்திகரிப்பு மென்பொருளுக்கோ எந்த மொழியும் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தாம்.

ஆகவே, பழைய தமிழ் மென்பொருளை நீக்குமுன் அதன் ஃபோல்டர் முழுவதையும், எழுத்துருக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். எழுத்துருவின் பெயரைத் தாளில் குறித்து வையுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பக்கமாவது படித்துச் சரிபாருங்கள். அதன் பிறகு எஞ்சியதைத் தாராளமாகத் துடைக்கலாம்.

தமிழகத்துக்கு வெளியே இயங்கும் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் இருந்த தன் மின்னூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. நம் ஆண்டு மலர்களும், நாடகப் பிரதிகளும், உறுப்பினர்களின் கவிதைகளும் யார் யார் வீட்டுக் கணினியிலோ பழைய எழுத்துருவில் தூங்குகின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி தெரிந்த இளைஞர்கள் நால்வர் சங்க நூலகத்தில் உட்கார்ந்தால், உறுப்பினர்கள் கொண்டுவரும் கோப்புகளை மாற்றிக் கொடுக்கலாம். பெங்களூரில் அப்படிப்பட்ட நால்வருக்கா பஞ்சம்? செயற்குழு இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.