எண்பெருங்குன்றத்து ஞாயிற்றுக்கிழமைகள்

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மன் கோவிலையும் நாயக்கர் மஹாலையும் தெப்பக்குளத்தையும் தரிசித்துவிட்டு, பொழுது மிஞ்சினால் திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்மலைக்கும் ஒரு நடை போய்த் திரும்புவது நெடுநாளைய சம்பிரதாயம். சமணர் எண்பெருங்குன்றம் என்று போற்றிய எட்டு மலைகள் முதலாக அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சமண முனிவர்கள் உறைந்து தவம் புரிந்த குகைத்தளங்களும், அவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த புண்ணியவான்களின் பெயரைத் தாங்கிய, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக்களும், பின்னொரு காலத்தில் பாறை முகப்பில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளும் உண்டு என்ற சமாசாரம், வைகைக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குக்கூடத் தெரியாமல் இருந்து வந்தது. தொல்பொருள் இலாகா நீலப் பலகை நட்டு, சேதம் விளைவிப்பவருக்கு இன்ன தண்டனை என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பலகை மலையைச் சேதப்படுத்தாதே என்று சொல்லுமே தவிர, மலையில் என்ன இருக்கிறதென்று பெரும்பாலும் சொல்லாது.

2010-ஆம் ஆண்டை ஒட்டி, யானைமலையில் சிற்ப நகரம் ஒன்று அமைக்கலாம் என்று யோசனை கிளம்பி, அடிவாரத்து ஜனங்கள் அதை ஒருமுகமாக எதிர்த்து நின்ற சமயத்தில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் அவருடைய சிநேகிதர்களும், முதலில் அந்த மலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டதுதான் பின்னர் ‘பசுமை நடை’ என்று பெயர் பெற்றது. அது முதற்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்தும் விடியாததுமாக ஊரின் எல்லையில் ஒரு கூட்டம் சேருகிறது. பாங்கி உத்தியோகஸ்தர், கல்லூரி மாணவி, பேரனைக் கையில் பிடித்த பாட்டி, இடுப்பில் குழந்தையோடு வரும் இளம் தாய் என்று பலதரப்பட்டவர்கள் மலையேறி, பாறை நிழலில் உட்கார்ந்து, தொல்லியல் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம் போன்ற அறிஞர்கள் சொல்லும் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு, இறங்கி வந்து மரத்தடியில் காலைப் பலகாரம் உண்டு கலைகிறார்கள். இதில் மேடையும் பொன்னாடையும் இல்லாதது என் மனத்துக்குப் பெரிய ஆறுதல்.

கீழக்குயில்குடியிலுள்ள சமணர்மலையை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். அடிவாரத்தில் தாமரைக் குளமும், ஐயனார் கோவிலும், விழுது பரப்பிய ஆலமரமும் இருக்கின்றன. ஒரு புறத்தில் செட்டிப்புடவு என்ற குகையில், பாறையோடு பாறையாக மகாவீரர் வீற்றிருக்கிறார். நீண்ட காதும் பருத்த திருமேனியுமாக இருப்பதால் ஊரார் அவரைச் செட்டியார் ஆக்கிக்கொண்டார்கள் என்பர். மறுபுறம் பேச்சிப்பள்ளத்தில், வற்றாத சுனை ஒன்றுக்கு மேலாகப் பாறையில் வரிசையாய் எட்டுத் திருமேனிகள். அவற்றின் கீழே, செய்வித்தவர் இன்னார் என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறது. பாண்டி நாட்டில் யானைமலை, அரிட்டாபட்டி முதலாகக் குன்றுதோறும் அருகர் உருவம் சமைப்பித்த அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது அவற்றில் ஒன்று. கோவில் கட்டிய வேந்தர்களையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த நம் பிள்ளைகள், துறவியின் தாயொருத்தி தன் பெயரை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தப் பாறையில் நிறுத்தியிருக்கிறாள் என்று கேட்டால், சரித்திரப் பாடத்தில் அவர்களுக்கு உண்டான கசப்புப் பாதியாவது நீங்கும். அந்த எழுத்துக்களுக்கு வெகு அருகிலேயே, ஆணியால் கீறிய காதலர் பெயர்களும் அம்புக்குறி பாய்ந்த இருதயங்களும் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லெழுத்தை நேசிப்பவன் அதற்கு இழைக்கும் தீங்கு வேறு வகை. எழுத்துத் தெளிவாய்த் தெரியவில்லையென்று சுண்ணக்கட்டியால் மேலே வரைந்துவிடுகிறான். அல்லது வர்ணத்தைக் குழைத்துப் பூசிவிடுகிறான். அவன் கோட்டை இழுத்த பாங்கில்தான் அடுத்து வருபவன் படிப்பான். கல்லின் இயற்கையான வெடிப்பு ஒன்று உயிர்க்குறியாகி, ஓர் ஊரின் பெயரே மாறிப் போகும். முறை தெரிந்தவர்கள் செய்வது இதுதான்: கல்லைத் தூரிகையால் துலக்கிக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் குமிழி இல்லாமல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் அமிழும்படி தூரிகையால் பதமாக அடித்து, ஈரம் சற்று உலர்ந்ததும் மையொற்றியால் ஒற்றினால், மேடு கறுத்துப் பள்ளம் வெளுத்து, எழுத்து வெள்ளையாய் எழுந்து நிற்கும். இதற்கு மைப்படி எடுத்தல் என்று பெயர். அவ்வளவு சாதனம் கைவசமில்லாதவர், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனாலே போதும். அல்லது இருட்டிய பின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கலாம். நெருங்கிய நண்பர் ஒருவர், தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர், இப்படி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே ஓர் எழுத்துக்காக அரைமணி நேரம் மண்டியிட்டிருந்ததை நான் கண்டேன். சம்பளம் வாங்கிய காலத்தில் அவர் அத்தனை சிரத்தை காட்டினாரோ என்னவோ!

இப்படிப்பட்டவர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று அலட்சியம் செய்யும் வழக்கம் படித்தவர்களிடையே உண்டு. ஆனால் கல்லெழுத்துக்கு உழைத்தவர் எல்லோரும் அதற்கென்று சம்பளம் பெற்றவர்கள் அல்லர். மாங்குளம் மலைக் கல்வெட்டுக்களை 1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் சீவெல் கண்டார்; அவற்றின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துரைத்தார். அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதை 1965-இல் படித்துக் காட்டியவரோ ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர், அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கல்வெட்டுப் படிப்பதற்காக அல்ல. கீழடியிலும், 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை மண்வெட்டி எடுப்பதற்கு ஏறத்தாழ நாற்பது வருஷங்களுக்கு முன்பே, பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே பழம்பொருள்கள் கிடைப்பதைக் கண்டு மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார்.

எழுத்தைப் படிப்பதற்கு முதலில் குன்று நிற்க வேண்டும். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் கல்லுக்காக எத்தனை குன்றுகள் துண்டு துண்டாய்ப் போயின என்பதை, கீழவளவு சாலையில் போகிறவர் இரு மருங்கிலும் வாய் பிளந்து கிடக்கும் குழிகளைக் கண்டே அறிந்துகொள்ளலாம். அதே வட்டாரத்து அரிட்டாபட்டியோ தப்பியது. தமிழிக் கல்வெட்டும், அச்சணந்தி செய்வித்த திருமேனியும், லகுலீசர் வீற்றிருக்கும் பாண்டியர் குடைவரையும் ஒருங்கே அமைந்த அவ்வூரையும், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, 193 ஹெக்டேர் நிலத்தை 2022-இல் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. இரண்டு வருஷம் கழித்து, அந்த நிலத்தையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போயிற்று. கிராமத்தார் திரண்டு மதுரை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. வெற்றி கிராமத்தாருடையதே, நகரத்திலிருந்து வரும் தொண்டர்கள் அதில் பங்கு கேட்பது நியாயமாகாது. ஆயினும், மலையை இழந்தால் இன்னின்னது போகும் என்று அத்தனை பேர் நாவிலும் கணக்கு இருந்ததே, அது ஆண்டுக்கணக்கில் பலர் ஏறி இறங்கிச் சொல்லி வந்ததன் பலன் என்றே நான் கருதுகிறேன்.

குன்றுகளைக் காட்டிலும் அதிகமாக இன்றைக்கு நான் கவலைப்படுவது ஊர்க்கோவில்களைப் பற்றித்தான். பக்தியின் பேரால் கல்வெட்டின் மேல் எனாமல் பூசுவதும், எழுத்துள்ள பலகைக் கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தளம் வரிப்பதும், அதன்மேல் வழவழப்பான ஓடு பதிப்பதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் திருப்பணிக் குழுவில் அங்கம் வகிப்பவர் யாரேனும் இருந்தால், அவரிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், சுவரிலும் அதிஷ்டானத்திலும் உள்ள எழுத்துக்கள் அனைத்தையும் தொல்லியல் துறையாரை அழைத்துப் படியெடுக்கச் செய்யுங்கள், அதுவரை கொத்தனாரைச் சுவர்ப் பக்கம் விடாதீர்கள்.