காலண்டர் மாட்டச் சுவரில்லாதவள்

‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியானது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. தியேட்டருக்கே போகாத 2 மணி 44 நிமிடப் படம் நேராக நம் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. முறுக்கு பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம், அழுதோம். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் தமிழ்நாடு சண்டைக்குத் தயாராகிவிட்டது. சண்டை ஒரு காலண்டரைப் பற்றியது.

படத்தில் சித்திரவதை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசம் இருந்தது. ஐந்து கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்புமணி ராமதாஸ் கேள்விகளை அடுக்கிக் கடிதம் எழுதினார், சூர்யா பதில் எழுதினார், இயக்குநர் த.செ. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். வீட்டுத்திரையில் ஓடும் படத்தில் ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திவிடலாம். அக்னி கலசம் போய் லட்சுமி வந்தாள்.

எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். இரு தரப்புக்கும் பிரச்சினை ஆண்களின் மானம். எந்தச் சாதிக்காரனை வில்லனாகக் காட்டலாம், எந்த நடிகர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதே பேச்சு. அதே படத்தில், காவல் நிலையத்தில், அண்ணன் கண்ணெதிரே பச்சையம்மாளின் துணி உருவப்படுகிறது. நிறைமாதத்தை நெருங்கும் செங்கேணி அடிபடுகிறாள். அந்த மானத்துக்காக யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. காலண்டர் மாட்டச் சுவர் இருப்பவர்களின் சண்டையில், சுவரே இல்லாதவளுக்கு என்ன வேலை?

சுவர் என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. இந்தியச் சட்டத்தில் ஒரு பெண்ணுக்கும் லாக்கப்புக்கும் நடுவில் நிற்பது அவளுடைய வீடு. ஒரு பெண்ணை விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, அவள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 179ஆம் பிரிவு. சூரியன் மறைந்த பின்பு, விதிவிலக்கான சூழலில் தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மாணவிகள் இந்தப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: வசிக்கும் இடம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவளிடம் இந்தச் சட்டம் எந்த வாசலில் வந்து நிற்கும்?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை இதற்கான பதில் நம் கண்ணெதிரே இருக்கிறது. செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் பெண் சூளை முதலாளியின் இடத்தில் குடியிருக்கிறாள். முன்பணம் தீரும்வரை அந்தக் குடிசை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும்வரை அந்தத் தோப்பு. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவளுக்குக் கரையோரப் புறம்போக்கு. நள்ளிரவில் ஜீப் வந்தால் தட்டுவதற்கு அங்கே கதவு கிடையாது. திருக்கோவிலூர்ப் பக்கம் நான்கு இருளர் பெண்கள், காவலர்கள் தங்களை இரவில் ஏற்றிக்கொண்டுபோய் வல்லுறவு செய்ததாகப் புகார் கொடுத்தது 2011 நவம்பரில். ‘ஜெய் பீம்’ வெளியாவதற்குச் சரியாகப் பத்தாண்டு முன்பு. அப்போது எத்தனை வீட்டுக் கூடங்கள் அழுதன?

இந்தப் படத்துக்கு வீட்டின் அருமை தெரியும். சூளையில் கல் அறுக்கும் ராஜாக்கண்ணு தன் மனைவிக்குக் கல்வீடு கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். கடைசிக் காட்சியில் அந்த வீடு எழுந்து நிற்கிறது. திறந்துவைப்பவர் வக்கீல் சந்துரு. கணவன் வாக்குக் கொடுத்து, காப்பாற்றியவர் திறந்துவைக்க, அவள் கண்ணீரோடு கைகூப்புகிறாள். படத்தோடு எனக்குள்ள சண்டை இங்கேதான். சமரசத்துக்கு நீட்டிய பணத்தை மறுத்தவள் அவள். போலீஸ் வண்டியில் ஏற மறுத்து, அந்த வண்டி பின்னால் ஊர்ந்துவர, நடந்தே வீடு வந்தவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு வீட்டை ஏன் பரிசாகக் கொடுக்க வேண்டும்? உரிமை என்று கேட்டு வாங்கும் ஒரு காட்சிக்கு 164 நிமிடத்தில் இடமில்லையா?

திரைக்கு வெளியேயும் இதே கதைதான். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதி. அவர்கள் குறவர் சமூகத்தினர். படம் அவர்களை இருளராக்கியது, பார்வதியைச் செங்கேணியாக்கியது. காவலர்களுக்கான தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2006இல். படம் வந்த பிறகுதான் பார்வதிக்கு வீடில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. ராகவா லாரன்ஸ் வீடு கட்டித் தருவதாக அறிவித்தார், சூர்யா வைப்புநிதி அறிவித்தார். கொடுக்கும் மனத்தைக் குறை சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் ஓர் அரசு தர வேண்டியதை ஒரு நடிகர் தரும்போது நாம் கைதட்டுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாய் இருந்தது. கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் விரட்டப்பட்ட நரிக்குறவப் பெண் கேமராவைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் அவை. வக்கீல் வேடத்தில் யாரும் அவளுக்காகப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் எனக்கு நம்பிக்கை தந்த காட்சி அதுதான், அது எந்த ஓடிடியிலும் இல்லை.

மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வரும். புடவைகளைக் கட்டிக் குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, செய்துவைத்துத் திரும்புவார்கள். நாம் படமெடுத்துக்கொள்கிறோம். புடவைச் சுவர் இரண்டு நாள் நிற்கும். மிச்ச நாட்களுக்கு வேண்டியது பட்டா, அவள் பெயரில். காகிதமாகக் கொடுத்தால் போதாது, அளந்து கல் நட்டுக் காட்ட வேண்டும். பிள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வேண்டும், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலையாமல்.

படத்தைப் பார்த்து அழுத தோழிகள் அடுத்த ஜமாபந்திக்குத் தாலுகா ஆபீஸுக்கு வாருங்கள். மனுவோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு வக்கீல் தேவைப்படாது. அவளுடைய மனுவுக்கு எண் போட்டு ரசீது தரும்வரை பக்கத்தில் நிற்க ஆள் தேவைப்படும்.