மாலை கழன்றதும் மனிதனைக் கைவிடுவதா?



கார்த்திகை பிறந்தால் எம். புதுப்பட்டியில் ஓர் அதிசயம் நடக்கிறது. தீபாவளி போனஸில் பாதியை மதுக்கடையில் கொட்டிவிட்டு, வீட்டுக்குள் நுழைய முகமில்லாமல் திண்ணையில் படுத்துக் கிடந்தவன், விடியற்காலையில் எழுந்து குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, துளசி மாலை போட்டு நிற்கிறான். 41 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. நேற்றுவரை 'குடிகாரப் பயல்' என்று ஏசிய தெரு இன்று 'சாமி' என்கிறது. பெற்ற பிள்ளை 'சாமி' என்கிறது. கட்டிய மனைவியும் 'சாமி, சாப்பிட வாங்க' என்கிறாள்.

தை பிறக்கிறது. மாலை கழல்கிறது. அன்று பொழுது சாயும் முன்பே கடை வாசலில் நிற்கிறான். தெரு கைகொட்டிச் சிரிக்கிறது: "சாமி மலையேறிட்டாருடா!"

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று நாம் பேசவேண்டியிருக்கிறது.

கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அதற்கு வேறு மேடை இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே: அந்த 41 நாளும் அவனைத் தாங்கி நின்றது எது? கடை கூப்பிடும் நேரமான மாலை ஆறு மணிக்கு அவனுக்குப் பஜனை இருந்தது. அவனைப் போலவே விரதமிருக்கும் பத்துப்பேர் பக்கத்தில் இருந்தார்கள். கால் தடுமாறினால் அதட்டவும், கண் கலங்கினால் தட்டிக்கொடுக்கவும் ஒரு குருசாமி இருந்தார். வீட்டில் சுத்தமான சோறும், தெருவில் மரியாதையும் கிடைத்தன. கூட்டாளிகள் கூடக் குடிக்கக் கூப்பிடக் கூசினார்கள். மாலை கழன்ற மறுநாள் இவை அத்தனையும் ஒரே வீச்சில் போய்விட்டன. ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்திய ஒருவனை, ஊரே சேர்ந்து கீழே போட்டுவிட்டு, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறது!

'இவன் திருந்தவே மாட்டான்' என்று சொல்பவர்கள் அந்த 41 நாளை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? திருந்த முடியாதவனா 41 நாள் இருந்து காட்டினான்? இருக்கன்குடிக்கு விரதமிருப்பவனும், தவக்காலத்தில் குடியை விடுகிற கிறிஸ்தவத் தொழிலாளியும், ரமலான் மாதத்தில் ஒதுங்கி நிற்கும் முஸ்லிம் தோழனும் காட்டுவது இதைத்தான். நிறுத்தும் திராணி நம் ஆட்களிடம் இருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு துணையாக நிற்கத்தான் ஆளில்லை.

மற்றவர்களைக் குறை சொல்லுமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம். நமது சங்கத்தில் ஒரு தோழர் இருந்தார். மருந்து கலக்கும் அறையில் வேலை. சந்தா வசூலில் அவரைப் போலக் கணக்கு வைப்பவர் கிடையாது. குடித்துவிட்டு ஒருநாள் கமிட்டிக்கு வந்தார். கட்டுப்பாடு என்று சொல்லி அவரைக் கமிட்டியிலிருந்து நீக்கினோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர். அதன் பிறகு அவர் வீட்டுப் படியேறிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! அடுத்த கார்த்திகையில் அவர் மாலை போட்டார், தையில் விழுந்தார். 'மலையேறிட்டார்' என்று நமது ஆட்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

அவர் செய்த வேலை என்னவென்று வெளியூர்த் தோழர்களுக்குத் தெரியவேண்டும். காலையில் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துக் கலக்க வேண்டும். ஓர் உராய்வு, ஒரு பொறி போதும். பல வருஷம் நாள்தோறும் குடித்தவனுக்கோ, கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தை அடக்கக் காலையிலேயே ஒரு மடக்கு வேண்டும். குடித்தால் போதை, குடிக்காவிட்டால் நடுக்கம். இரண்டோடும் மருந்து அறைக்குள் போகக்கூடாது. குடிபோதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தக்கூடாது என்று 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. விதி சரிதான். ஆனால் விலக்கி வைக்கப்பட்டவன் எங்கே போவான்? கூலி போனால் கடன், கடன் வந்தால் கடை!

இதைச் சாக்காக வைத்து முதலாளிமார் துள்ள வேண்டாம். எங்கே வெடித்தாலும் 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, 2023 அக்டோபர் 17ல் ரெங்கபாளையத்தில் மாண்ட 13 பேரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களையா குடி கொன்றது?

இனி ஒரு முக்கியமான சங்கதி. இதை ராஜபாளையம் மில் தோழர்களும், வத்திராயிருப்பு வயலில் வேலை செய்யும் தோழர்களும் வீட்டிலே வாசித்துக் காட்டவேண்டும். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி குழம்பி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ அடிக்க வருகிறார்கள் என்று அலறுவார். நம் ஊரில் இதைச் 'சாமி குத்தம்' என்கிறார்கள்; 'பேய் பிடித்தது' என்று கட்டிப்போடுகிறார்கள். குத்தமும் அல்ல, பேயும் அல்ல. இத்தனை வருஷம் சாராயத்துக்குப் பழகிய மூளை அது இல்லாமல் தத்தளிக்கிறது. கவனியாவிட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் மேற்பார்வையில் சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். ஆகவே மாலை போடுமுன் டாக்டரைப் பாருங்கள். நல்ல குருசாமி இதைத் தடுக்கமாட்டார்.

சர்க்கார் என்ன செய்கிறது? 1971ல் மதுவிலக்கை எடுத்தார்கள், பிறகு கொண்டுவந்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். 1983ல் டாஸ்மாக் கம்பெனியைப் பெற்றெடுத்தார்கள். 2003ல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. கொடி மாறியது, கோட்டையில் ஆள் மாறியது, கல்லாப்பெட்டி மட்டும் மாறவில்லை. 2024-25ல் அந்தப் பெட்டியில் விழுந்தது 48,344 கோடி ரூபாய்! இந்தச் சர்க்காரும் விரதம் இருப்பதுண்டு. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், ஏன், நமது மே தினத்தன்றுகூடக் கடைக்குப் பூட்டு! மறுநாள் பகல் 12 மணிக்குச் சர்க்காரும் மாலையைக் கழற்றிவிடுகிறது. இந்தச் சாமியைப் பார்த்து மட்டும் யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லையே, ஏன்?

கடைகளை மூடு என்பது நமது கோரிக்கை. அதில் மாற்றமில்லை. ஆனால் கடையை மட்டும் மூடி, நோயாளியைத் தெருவில் விட்டால் என்ன ஆகும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் அநேகர் கூலிக்காரர்கள். பூட்டோடு வைத்தியமும் வரவேண்டும். அது பிச்சையுமல்ல. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடியால் வரும் மனநோயையும் நோய் என்றே சொல்லி, சர்க்கார் செலவில் வைத்தியம் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியிலும், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும், விருதுநகர் மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்று எத்தனை படுக்கை என்று வாசலில் பலகை எழுதி வை என்று கேட்போம். வைத்தியத்துக்குப் போகிறவனுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்போம். திரும்பி வருகிறவனுக்குச் சில மாதம் மருந்து அறையை விட்டுப் பெட்டி கட்டும் வேலை கேட்போம்.

'கிராமத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நடந்திருக்கிறது, ஐயா! 1980ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிக்குத் தம் கணவரைப் பறிகொடுத்த துக்கத்தில், ஒரு வைத்திய ஸ்தாபனம் தொடங்கினார். அவர் பெரிய தொழிலதிபர் வீட்டு மருமகள், நம் வர்க்கமல்ல. ஆனாலும் நல்லதை நல்லதென்று சொல்வோம். அந்த ஸ்தாபனம் 1989ல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு, வைத்தியம் டாக்டர்கள் பொறுப்பு. மனைவிமாரையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். முகாம் கலைந்த பிறகும் விசாரிக்க ஊரிலே ஆள் இருந்தது. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளாமல் வேறு எதிலிருந்து கற்றுக்கொள்வது?

அமெரிக்காவில் 1935ல், நொடித்துப்போன ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிகாரர்கள், ஒருவருக்கொருவர் துணையிருந்து குடியை விட்டார்கள். அப்படிப் பிறந்த ஏ.ஏ. கூட்டங்கள் இன்று தமிழிலும் நடக்கின்றன. சந்தா இல்லை, பெயர் கேட்பதில்லை. 'இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்', அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் பேசும் பரம்பொருள் நமக்கு ஒத்துவராது. ஆனால் பட்டவன் பட்டவனுக்குச் சொல்லும்போது உறைக்கிறது என்பது எந்தச் சங்கக்காரனுக்கும் தெரிந்த உண்மை.

நாம் நீக்கிய அந்தத் தோழர் கதை முடியவில்லை. போன வருஷம் தெருப் பெண்கள் நாலுபேர் அவரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பத்து நாள் படுக்கை. திரும்பியதும் தினம் சாயங்காலம் நம் ஆட்கள் இரண்டுபேர் முறைவைத்து அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். பேச்சென்று பெரிதாக ஒன்றுமில்லை; மழை, கூலி, மாட்டு விலை. நாலாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடியும் குடித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவரே வந்து, 'நேற்று விழுந்துட்டேன் தோழர்' என்றார். முதல் தடவை 41 நாள், இந்தத் தடவை நாலு மாதம். கணக்குத் தெரிந்தவர்கள் கூட்டிப் பாருங்கள். இப்போது சந்தா நோட்டு மறுபடியும் அவர் கையில்தான் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும் ஐந்து மணியிலிருந்து இரவு பத்துவரை, கடை சாத்தும் நேரம் வரை, சங்க ஆபீஸ் திறந்திருக்கும். டீ உண்டு, கேரம் பலகை உண்டு. கூலியை வீட்டில் சேர்க்கத் துணைக்கு ஆளும் உண்டு. மாலை போட்டவரும் வரலாம், கழற்றியவரும் வரலாம். குடித்துவிட்டு வந்தால் திண்ணையில் பாய் கிடக்கிறது. படுத்துக்கொள்ளட்டும், காலையில் பேசிக்கொள்வோம்.