மாட்டினால் போதுமா?

மாணவ நண்பர்களே, ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது என்பது என் கருத்து.

சில கார்களில், என்ஜின் உறிஞ்சும் காற்றின் நிறையை அளக்கச் சூடான கம்பி ஒன்று உண்டு. காற்று அதைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் காக்கத் தேவைப்படும் மின்னோட்டமே அளவு. 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது கணக்கு.

காரை மாற்றியமைப்போர் சிலர் அகலமான குழாயுள்ள சென்சாரைப் பொருத்துகிறார்கள். குழாய் அகன்றால் அதே காற்று கம்பியருகே மெதுவாகச் செல்லும். பழைய அட்டவணையையே நம்பும் கணிப்பொறி, காற்று குறைவென்று எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கும். என்ஜின் திணறும், கடும் பளுவில் பிஸ்டனே கெடலாம். உடனே பிளக், பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பணம் கரையும், பழுது தீராது.

முதலில் பழைய சென்சாரை மட்டும் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு மறைந்தால் காரணம் தெரிந்துவிடும். புதியதுதான் வேண்டுமென்றால் அதற்குரிய அட்டவணையையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். கோளாறு மறையாவிட்டால், குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே ஆய்வு முறை.

நம் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலை எண்ணிப் பாருங்கள். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகமானி 10 சதவீதம் கூட்டிக் காட்டினால், திறன் கணக்கு 33 சதவீதம் கூடிவிடும். அங்கும் வேகமானியை மாற்றினால் அதன் அளவுத்திருத்தத்தையும் மாற்றியாக வேண்டும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரை மாற்றும்போதும் சுழிப்பிழையை முதலில் பாருங்கள்.