எத்தனை நாளாக?

புனேயில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் வரும் கேள்வி, "கிதி திவஸாபாசூன்?" எத்தனை நாளாக வலி? அக்கா மகள் அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள். "பன்னிரண்டு வருஷமா." டாக்டர் கேஸ் பேப்பரில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அரை வரிகூட இல்லை, நடுவில் ஓர் எண். அந்த எண்ணால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் எங்கள் கையைவிட்டுப் போகும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அவளுக்கு 29 வயது. ஹிஞ்சவடியில் வேலை, கோத்ரூடில் என்னோடு இருக்கிறாள். பதினேழு வயதிலிருந்து மாதாமாதம் சுருண்டு படுப்பாள். அக்கா வெந்தயத்தை மோரில் போட்டுக் குடிக்கக் கொடுப்பாள், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவாள். "கல்யாணமானா சரியாயிடும்" என்று பாட்டி சொல்லுவார். கல்லூரி விடுதிக்கு வந்துபோன டாக்டரம்மா ஒரே ஒரு முறை மாத்திரை எழுதிக் கொடுத்து, "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கறதுதான்மா" என்று அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் அவள் டாக்டரிடமே போகவில்லை. மருந்துக்கடையில் மெஃப்டால் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். போன வருஷம் வலி அந்த மூன்று நாளைத் தாண்டி வந்துவிட்டது. உட்கார்ந்தால் வலி, மலம் கழித்தால் வலி, ஸ்கூட்டர் வேகத்தடையில் ஏறி இறங்கினால் வலி. ஒருநாள் புடவை மாற்றும்போதுதான் அவள் அடிவயிற்றைப் பார்த்தேன். வெந்நீர்ப் பையை வைத்து வைத்துத் தோல் பழுப்பாகி, மீன்வலையை ஒட்டிவைத்த மாதிரி கோடுகோடாக இருந்தது. கை வைத்தேன். "அங்க வலிக்காது சித்தி, உள்ளதான்" என்றாள்.

இரண்டு ஸ்கேன் எடுத்தும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வந்தது. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று முதன்முதலாக ஒரு பெயர் சொன்னார். கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்வது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் ஆகும். பின்னால் ஆபரேஷனில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியில், இடது சினைப்பை இடுப்புச் சுவரோடு ஒட்டிக்கிடந்ததாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேஷ்லெஸ் கேட்டு விண்ணப்பம் போயிற்று. பழைய சீட்டுகளைக் கேட்டு ஒரு கேள்வி வந்தது. அப்புறம் மறுப்பு வந்தது: முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம் முடியவில்லை. பாலிசி எடுத்து 30 மாதம்தான் ஆகியிருந்தது, 36 ஆகவேண்டும். இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த பையன் நல்லவன். குரலைத் தாழ்த்தி, "ஆறு மாசம் தள்ளிப்போட முடியுமா மேடம்?" என்று கேட்டான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்தேன்.

பணம் போனது ஒருபக்கம். என்னைத் தூங்கவிடாதது அந்தக் கடிதத்தில் இருந்த காரணம்தான். பன்னிரண்டு வருஷம் வீடும் ஊரும் டாக்டரும் சேர்ந்து இவளிடம் சொன்னது என்ன? இது நோயே இல்லை, பொண்ணாப் பிறந்தா இருக்கும், பொறுத்துக்கோ என்றுதானே? அவளும் பொறுத்துக்கொண்டாள். இப்போது கம்பெனி சொல்கிறது, இது அன்றைக்கே நோய் என்று. வலியோடு அவள் வந்தபோது யாருமே நோய் என்று எழுதவில்லை. பில்லோடு வந்தபோதுதான் நோய்க்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதியை நானே உட்கார்ந்து படித்தேன். முன்பே இருந்த நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு டாக்டர் கண்டறிந்ததாக இருக்கவேண்டும், அல்லது அந்த 36 மாதத்துக்குள் டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ தந்திருக்கவேண்டும். இது முன்பு 48 மாதமாக இருந்தது. காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பும் அப்போது 48 மாதம். இரண்டையும் 2024-இல்தான் 36 ஆகக் குறைத்தார்கள். அந்த விடுதி டாக்டரம்மா மாத்திரை எழுதியது பாலிசிக்கு ஏழு வருஷம் முன்னால். பாட்டி சொன்னதும் மருந்துக்கடைக்காரர் கொடுத்ததும் டாக்டரின் ஆலோசனை ஆகாது. அப்படியானால் வலி எப்போது தொடங்கியது என்பது கேள்வியே இல்லை. எந்த டாக்டர் எப்போது என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. கேஸ் பேப்பரில் இருந்தது முதல் கேள்விக்கான பதில். கம்பெனி அதை இரண்டாவதற்கான பதிலாக எடுத்துக்கொண்டது.

இந்த மாதிரி வலிக்காரிகளுக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. எல்லா ஹெல்த் பாலிசியிலும் ஒரே வாசகத்தில் அச்சிடும் விலக்குப் பட்டியலில் நான்காவது, பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது. லேப்ராஸ்கோபியில் ஏதாவது கண்ணில் பட்டால் முன்பே இருந்தது என்பார்கள். ஒன்றும் படாவிட்டால் வெறும் பரிசோதனை என்று சொல்ல வாய்ப்பு. டாக்டர் தன் சீட்டில் குழந்தையின்மை என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் அதற்கான பதினேழாவது விலக்கு வந்து நிற்கும். மயக்க மருந்து தெளிந்து எழும்போது, உள்ளே ஏதாவது கிடைத்திருக்கவேண்டுமே என்று ஒரு பெண் வேண்டிக்கொள்ளும்படி ஆகிறது.

அதோடு, பாலிசி பணம் தருவது பெரும்பாலும் படுக்கைக்கும் கத்திக்கும்தான். இந்த வலி கத்தியோடு முடிவதில்லை. வருஷக்கணக்கில் இறுகிப்போன இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தப் பிசியோதெரபி வேண்டும். மாதக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை. திரும்பத் திரும்ப ஸ்கேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 60 நாள்வரை ஆகும் செலவைப் பல பாலிசிகள் ஏற்கும். அறுபத்தொன்றாம் நாளிலிருந்து நம் கைக்காசு.

வலியைக் கவனிக்க ஆளில்லாமல் வெட்டுவதற்கு மட்டும் வழி இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-இல் செய்தி வந்தபோது சட்ட மேலவையின் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் குழு போட்டார்கள். 82,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்த கணக்கில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று போனவர்கள்தான் பலரும். ஒருநாள் வராவிட்டால் முகாதம் என்கிற கூலி ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார், ஆகவே எடுத்துவிடு என்றதும் சம்மதித்தார்கள், கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். அங்கே இன்ஷூரன்ஸ் இல்லை. இன்ஷூரன்ஸ் இருந்த இடத்தில் வேறு விதமாக நடந்தது. ஏழைகளுக்கான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா திட்டத்தில் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தேவையே இல்லாமல் கருப்பையை எடுத்துத் திட்டப் பணத்தைக் கேட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது. டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த அந்த வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்றது நீதிமன்றம். கருப்பையை எடுத்தால் இந்த நோயே போய்விடும் என்பதும் இல்லை. வெளியே ஒட்டிக்கிடப்பது அங்கேயேதான் கிடக்கும்.

நாங்கள் விடவில்லை. 2024 மே மாத சுற்றறிக்கைப்படி, கம்பெனிக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. எந்த ஷரத்தின்படி மறுக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் தரவேண்டும். அதைச் சொல்லி முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். முதலில் அனுப்பிய மறுப்புக் கடிதத்தையே மறுபடியும் அனுப்பினார்கள். அடுத்தது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். மும்பைக்கு ஓடவேண்டியதில்லை. நாராயண் பேட்டில், என்.சி. கேல்கர் சாலையில், எல்.ஐ.சி.யின் ஜீவன் தர்ஷன் கட்டடத்திலேயே அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனிலும் போடலாம். எனக்கு நேரில் கொடுத்தால்தான் மனசு ஆறும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விடவேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

நாங்கள் போன நாளில் கேல்கர் சாலை முழுக்க கணபதிப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பாதியிலேயே நின்றுவிட்டது. ஆபரேஷன் தையல் இன்னும் இழுக்கிறதென்று அவள் வயிற்றில் ஃபைலை அணைத்துக்கொண்டு நடந்தாள். ஃபைலில் ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி அறிக்கை, மறுப்புக் கடிதம் எல்லாம் இருந்தன. முக்கியமாக டாக்டரிடம் கேட்டு வாங்கிய ஒரு சான்று: "இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்தத் தேதியில், அதற்குமுன் எந்த டாக்டரும் கண்டறிந்ததாக ஆவணம் இல்லை." டாக்டர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். இப்படி ஒரு வரி வேண்டும் என்று முன்னமே தெரிந்திருந்தால் விண்ணப்பத்தோடேயே வைத்திருப்போம். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.

அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் குரூப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் பணம் உண்டாம். வேலை மாறும்போது அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொண்டிருந்தால், அங்கே கழித்த மாதங்களும் கணக்கில் வந்திருக்கும். வேலையை விடுகிற நாளில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கியவர்கள், இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்த வாரம் பிசியோதெரபிக்கு முதல் நாள். சின்னப் பெண், கனிவான முகம். புதுக் கேஸ் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, "கிதி திவஸாபாசூன்?" என்றாள். அக்கா மகள் என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அதுவரை தயங்காமல் சொல்லிவந்த பதில் அது.

"பன்னிரண்டு வருஷம்" என்றாள் கடைசியில். பேனா காகிதத்தில் படுவதற்குள் கையை நீட்டி மறித்தாள். "போன வருஷம் வரைக்கும் எந்த டாக்டரும் இதுக்குப் பேர் சொல்லலை. அதையும் கூடவே எழுதிக்கோங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு வரியாக எழுதினாள்.